கலிஃபோர்னியாவில் எந்த மின் நிலையத்துக்கு மாநில அனுமதி வேண்டும்? புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் எரிசக்தித் திட்டங்களுக்கு அனுமதி பெற்றுத் தரும் வேலைக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பெரும்பாலும் பொறியியல் படித்தவர்கள். டர்பைனின் திறனையும் இன்வெர்ட்டரின் இழப்பையும் நொடியில் கணக்கிடத் தெரிந்த அவர்களை முதல் வாரத்திலேயே திகைக்க வைப்பது வேறொரு கேள்வி: இந்த நிலையத்தை இந்த இடத்தில் கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மாநில அரசுக்கா, மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகமான கவுண்டிக்கா, நகரமன்றத்துக்கா, அல்லது வாஷிங்டனில் இருக்கும் கூட்டாட்சி அரசுக்கா? இதற்குத் தவறான விடையோடு தொடங்கிய திட்டம், பறவைக் கணக்கெடுப்பும் மண் ஆய்வும் முடிந்த பிறகு வேறோர் அலுவலகத்தின் விதிகளுக்கேற்ப எல்லாவற்றையும் மறுபடியும் எழுத வேண்டிய நிலைக்கு வந்து சேரும். ஒரு நிலையத்தின் விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விடையை எப்படிக் கண்டறிவது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய நிலையமென்றால் மாநிலத்திடம் போக வேண்டும், சிறியதென்றால் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடுதான் ஏறக்குறைய எல்லோரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அது பாதி உண்மைதான். சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியில் இருக்கும் டோபாஸ் சூரிய ஒளி நிலையத்தின் திறன் 550 மெகாவாட். ஆனாலும் அதற்கான நில அனுமதியை 2011இல் அளித்தது கவுண்டி நிர்வாகமே. அதில் பத்தில் ஒரு பங்கே திறன் கொண்ட 55 மெகாவாட் எரிவாயு நிலையமோ மாநில எரிசக்தி ஆணையத்தின் முன்னால் போய் நின்றாக வேண்டும். ஆகவே எவ்வளவு மின்சாரம் என்று கேட்பதற்கு முன், எதிலிருந்து மின்சாரம் என்று கேட்க வேண்டும்.

இந்த விந்தையான பிரிவுக்குக் காரணம் சட்டம் பிறந்த காலம். வாரன், அல்குவிஸ்ட் என்ற இரு சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரால் அறியப்படும் வாரன்–அல்குவிஸ்ட் சட்டத்தில் அன்றைய ஆளுநர் ரொனால்டு ரீகன் 1974இல் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஆணையம் இயங்கத் தொடங்கியது. 1973இன் எண்ணெய்த் தட்டுப்பாட்டின் அதிர்ச்சி ஆறாத நேரம் அது. மின் நிறுவனங்கள் கடற்கரையோரமாக அணு உலைகளையும் அனல் நிலையங்களையும் அடுக்கத் திட்டமிட்டிருந்தன; ஒவ்வொன்றுக்கும் பல அலுவலகங்களில் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் ஒரே இடத்தில், ஒரே விசாரணையில் முடிக்கவே ஆணையம் அமைந்தது. நூற்றுக்கணக்கான மெகாவாட் தரும் சூரியத் தகட்டுப் பண்ணையையோ பேட்டரிக் கிடங்கையோ அன்று யாரும் கற்பனை செய்திருக்கவில்லை. இன்றைக்கும் விண்ணப்பம் போகும் திசையைத் தீர்மானிப்பது அந்தச் சட்டத்தில் இருக்கும் ‘வெப்பம்’ என்ற சொல்லே.

முதல் படி: மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் நிலையத்தின் மின் உற்பத்தி முறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் வெப்பம் வருகிறதா என்று பாருங்கள். எரிவாயுவை எரித்து டர்பைனைச் சுழற்றுவது, நீராவியால் சுழற்றுவது, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரைப் பயன்படுத்துவது, மரக்கழிவை எரிப்பது, கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீரைக் கொதிக்க வைப்பது, டீசல் எஞ்சினை ஓட்டுவது ஆகிய யாவும் சட்டத்தின் பார்வையில் வெப்ப மின் நிலையங்களே. நிலத்தில் நிலையாக நின்றாலும் நீரில் மிதந்தாலும், எந்த வெப்ப மூலத்தைப் பயன்படுத்தினாலும், 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் இருந்தால் ஆணையத்தின் சான்று இல்லாமல் கட்டுமானத்தைத் தொடங்கக் கூடாது. காற்றாலை, நீர்மின் நிலையம், ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் சூரியத் தகடு ஆகிய மூன்றும் இந்த வரையறைக்குள் அடங்கா என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

சூரிய ஆற்றலில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மொஹாவி பாலைவனத்தில் கோபுரங்களையும் கண்ணாடிகளையும் கொண்டு அமைந்த ஐவன்பா நிலையம் வெயிலில் நீரைக் கொதிக்க வைத்து நீராவியால் இயங்குவது. எனவே அது 2010இல் ஆணையத்திடம் சான்று பெற்றது. டோபாஸில் இருப்பவை தகடுகள். எனவே கவுண்டி போதுமானதாயிற்று. இரண்டும் பயன்படுத்துவது ஒரே சூரியனைத்தான் என்றாலும், நடுவில் நீர் கொதிக்கிறதா என்பது முழு வழியையும் மாற்றிவிடுகிறது. பிளைத் நகருக்கு அருகே 1,000 மெகாவாட் திறனில் சூரிய வெப்ப நிலையம் ஒன்றுக்கு 2010இல் ஆணையம் சான்று அளித்தது. தகடுகளின் விலை சரிந்ததால் அதைத் தகட்டு நிலையமாக மாற்ற நினைத்தபோது, தன் வரம்புக்கு வெளியே போய்விட்ட அந்தத் திட்டத்தை ஆணையமே தொடர்ந்து கையாள வழிசெய்யும் சட்டத் திருத்தம் ஒன்று 2011இல் தேவைப்பட்டது. தொழில்நுட்பத்தை இடையில் மாற்றும் பேச்சு எழுந்தால், அனுமதிப் பிரிவுக்கு அன்றைக்கே தெரிவித்துவிடுங்கள்.

இன்னொரு கவனம் கணினித் தரவு மையங்களைப் பற்றியது. சான்டா கிளாராவில் வேலை செய்யும் நம் மென்பொருள் நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கும். தரவு மையத்தை யாரும் மின் நிலையம் என்று அழைப்பதில்லை. ஆனால் மின்தடை நேரத்துக்காக அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கும் டீசல் ஜெனரேட்டர்கள் எல்லாம் சேர்ந்து 50 மெகாவாட்டை எட்டினால், அந்தத் தொகுதி ஒரு வெப்ப மின் நிலையமாகவே கருதப்படும். ஆண்டில் சில மணி நேரச் சோதனைக்கு மட்டுமே ஓடுபவை என்ற விளக்கம் இந்த விதியிலிருந்து விலக்குத் தராது.

இரண்டாம் படி: 50 என்ற எண்ணைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பெயர்ப்பலகையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஆணையத்தின் விதிப்படி, டர்பைன்–ஜெனரேட்டரின் அதிகபட்ச மொத்தத் திறனிலிருந்து, நிலையம் தன்னை இயக்கிக்கொள்ளக் குறைந்தபட்சமாகச் செலவழிக்கும் மின்சாரத்தைக் கழித்து வரும் நிகரத் திறனே கணக்கு. பம்புகள், குளிர்விப்பு விசிறிகள், கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் இந்தக் கழிவில் சேரும். தரவு மையங்களில், நிறுத்தியிருக்கும் ஜெனரேட்டர்களின் கூட்டுத்தொகையைவிட, அந்தக் கட்டடம் உண்மையில் எவ்வளவு மின்சாரத்தை இழுக்க முடியும் என்பதே முதன்மை பெறுகிறது. ஏனெனில் பல எஞ்சின்கள் ஒன்று பழுதானால் மற்றொன்று என்ற ஏற்பாட்டுக்காகவே இருப்பவை. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் மொத்தத் திறனையே எழுதி ஒரு அறிக்கையை மேலே அனுப்பிவிட்டேன். அதைச் சரிபார்த்த மூத்த அதிகாரி, கணக்கைக் காட்டாமல் எண்ணை மட்டும் எழுதாதே என்று சொன்னதை இன்றும் கடைப்பிடிக்கிறேன். கழித்த ஒவ்வொரு சுமைக்கும் ஆதாரத்தோடு ஒரு பக்கக் கணக்கைக் கோப்பில் வையுங்கள்.

எல்லைக்கோடு இவ்வளவு கூர்மையாக இருப்பதால், அதைத் தாண்டாமல் அருகிலேயே நிற்கும் நிலையங்களையும் காண்பீர்கள். இம்பீரியல் கவுண்டியில் 2012இல் இயங்கத் தொடங்கிய ஹட்சன் ராஞ்ச் புவிவெப்ப நிலையத்தின் திறன் 49.9 மெகாவாட். எல்லைக்குள் நின்று கவுண்டியிடம் அனுமதி பெறுவது முற்றிலும் சட்டப்படியான தேர்வு. ஆனால் ஒரே நிலத்தில் 49.9 மெகாவாட் கொண்ட இரண்டு நிலையங்களை அடுத்தடுத்து நிறுத்தி, ஒரே கட்டுப்பாட்டு அறையையும் ஒரே இணைப்புக் கம்பியையும் இரண்டுக்கும் பொதுவாக வைத்தால், அவற்றை ஒரே நிலையமாக ஆணையம் கருத இடமுண்டு. இப்படியொரு யோசனை கூட்டத்தில் எழுந்தால், அதைச் சட்ட ஆலோசகர் பார்க்கும்வரை நிலக் குத்தகையில் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் வெப்ப நிலையத்தை விரிவாக்குவதானாலும் இதே எண்தான் அளவுகோல்: புதிய திறன் 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் கூடினால் ஆணையத்தின் சான்று வேண்டும். முன்பே ஆணையத்தின் சான்று பெற்ற வளாகமாக இருந்தால், மாற்றம் எவ்வளவு சிறியதானாலும் முதலில் ஆணையத்திடமே கேட்க வேண்டும். அங்கே சான்றைத் திருத்தக் கோரும் மனு என்ற தனி நடைமுறை இருக்கிறது.

50க்கும் 100க்கும் இடையில் ஒரு தனி வழி

திறன் 100 மெகாவாட்டுக்கு மிகாமல் இருந்து, சுற்றுச்சூழலுக்கோ எரிசக்தி வளத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கு ஏற்படாது என்று ஆணையம் முடிவு செய்தால், சிறு நிலைய விலக்கு என்ற சலுகை கிடைக்கும். தரவு மையங்களின் டீசல் தொகுதிகள் பெரும்பாலும் வருவது இந்த வழியாகத்தான். ஆனால் விலக்கு என்பது அனுமதி ஆகிவிடாது. முழுச் சான்று நடைமுறையிலிருந்து விலக்கு கிடைத்ததும், திட்டம் மீண்டும் நகரமன்றத்திடமும், காற்று மாசைக் கட்டுப்படுத்தும் வட்டார அமைப்பான காற்றுத்தர மாவட்டத்திடமும் போய் வழக்கமான அனுமதிகளை வாங்கியாக வேண்டும். ஆணையம் கையெழுத்திட்ட நாளையே கட்டுமானத் தொடக்க நாளாக அட்டவணையில் குறித்துவைத்து, பிறகு மாதக்கணக்கில் காத்திருந்த திட்டத்தைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: நிலம் யாருடையது, நீர் யாருடையது என்று பாருங்கள்

மாநில அனுமதி வேண்டுமா என்ற கேள்வியோடு, மாநில அனுமதி மட்டும் போதுமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் பெரும்பகுதி கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்துக்குச் சொந்தமானது. ஐவன்பா நின்றது அத்தகைய நிலத்தில். எனவே ஆணையத்தின் சான்றோடு பணியகத்தின் அனுமதியும் தேவைப்பட்டது, பாலைவன ஆமைகளைக் காக்கும் நிபந்தனைகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. ஆணையத்தின் சான்று மாநில, வட்டார, உள்ளூர் அனுமதிகள் அனைத்துக்கும் பதிலாக நிற்கும். கூட்டாட்சி அனுமதிகளைப் பொறுத்தவரை, கூட்டாட்சிச் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்கு மட்டுமே.

தனியாரின் நீர்மின் திட்டத்துக்கு உரிமம் தருவது கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் அமையும் காற்றாலைகளுக்குக் கடற்பரப்பைக் குத்தகைக்கு விடுவதும் கூட்டாட்சி அரசே. ஹம்போல்ட், மோரோ விரிகுடா அருகே ஐந்து பகுதிகளுக்கு 2022 டிசம்பரில் ஏலம் நடந்தது.

அணு மின் நிலையம் தனி வகை. அதுவும் வெப்ப நிலையந்தான் என்பதால் ஆணையத்தின் வரம்புக்குள் வரும். ஆனால் உயர் கதிரியக்கக் கழிவை நிலையாக அகற்றும் தொழில்நுட்பம் இருக்கிறது என்பதைக் கூட்டாட்சி அரசு உறுதிப்படுத்தும்வரை புதிய அணு நிலையங்களுக்குச் சான்று தரக் கூடாது என்று 1976இல் மாநிலம் தடை விதித்தது. கதிரியக்கப் பாதுகாப்பு கூட்டாட்சி அரசின் தனியுரிமை என்று மின் நிறுவனம் வழக்காட, பொருளாதாரக் காரணங்களுக்காக இத்தகைய தடையை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இடத்தேர்வில் மாநிலத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்று புரிந்துகொள்ள இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

நான்காம் படி: கட்டாயம் இல்லாவிட்டாலும் மாநிலத்திடம் போகலாமா என்று யோசியுங்கள்

2022 வரை தகட்டுப் பண்ணைக்கும் காற்றாலைக்கும் பேட்டரிக் கிடங்குக்கும் கவுண்டியோ நகரமோதான் வாசல். அந்த ஆண்டு நிறைவேறிய சட்டசபை மசோதா 205 இரண்டாவது வாசல் ஒன்றைத் திறந்தது. 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள சூரியத் தகட்டு நிலையம், நிலத்தில் அமையும் காற்றாலை, புதைபடிவ எரிபொருளோ அணுவோ அல்லாத வெப்ப நிலையம், 200 மெகாவாட்–மணியும் அதற்கு மேலும் சேமிக்கும் கிடங்கு, குறைந்தது 25 கோடி டாலர் முதலீட்டில் இத்தகைய கருவிகளைத் தயாரிக்கும் ஆலை, இந்த நிலையங்களிலிருந்து மின் வலைப்பின்னல்வரை செல்லும் கம்பி ஆகியவற்றை உருவாக்குவோர் விரும்பினால் கவுண்டியை விட்டுவிட்டு ஆணையத்திடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். சேமிப்புக்கு அளவுகோல் மெகாவாட் அன்று, மெகாவாட்–மணி என்பதைக் கவனியுங்கள்: 50 மெகாவாட்டை நான்கு மணி நேரம் தரும் கிடங்கு சரியாக 200இல் நிற்கும். இந்த வழியில் விண்ணப்பிக்க அச்சட்டம் 2029 ஜூன் 30 வரை கெடு வைத்தது. உங்கள் திட்டம் அந்த நாளை நெருங்குவதாக இருந்தால், அதற்குப் பிந்தைய திருத்தங்களையும் சேர்த்துப் படித்த பிறகே அட்டவணை போடுங்கள்.

இந்த விருப்ப வழியில் விண்ணப்பம் முழுமையானது என்று ஆணையம் ஏற்ற நாளிலிருந்து, விதிவிலக்குகள் தவிர, 270 நாள்களுக்குள் முடிவு வர வேண்டும். ஃப்ரெஸ்னோ கவுண்டியில் 1,150 மெகாவாட் தகடுகளும் 4,600 மெகாவாட்–மணி வரையிலான பேட்டரியும் கொண்ட டார்டன் திட்டம் இந்த வழியில் முதலாவதாக 2025 ஜூனில் அனுமதி பெற்றது. 270 என்ற எண்ணைக் கேட்டதும் முதலீட்டாளர்கள் மகிழ்ந்துவிடுவார்கள். கடிகாரம் ஓடத் தொடங்குவது நீங்கள் விண்ணப்பம் கொடுத்த நாளில் அன்று, அது முழுமையானது என்று அவர்கள் ஏற்ற நாளில் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. குறைகளைச் சுட்டிக்காட்டும் கடிதங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வருவது வழக்கமே.

வேகத்துக்கு ஈடாகச் சட்டம் சிலவற்றைக் கேட்கிறது. திட்டம் அமையும் உள்ளூர் அரசுக்கு நிகரப் பொருளாதார நன்மை உண்டு என்று காட்ட வேண்டும். அப்பகுதி அமைப்புகளோடு சமூக நன்மை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். தொழிலாளர்களின் ஊதியம், பயிற்சி பற்றிய நிபந்தனைகளுக்கும் உட்பட வேண்டும். மேலும் இந்த வழியில் கிடைக்கும் சான்று எல்லாவற்றுக்கும் பதிலாக நிற்காது. மாநில நில ஆணையத்தின் குத்தகை, கடலோர ஆணையம், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவைக் காக்கும் ஆணையம், மாநில–வட்டார நீர் வாரியங்கள் ஆகியவற்றின் அதிகாரம் அப்படியே இருக்கும்.

இந்த வாசலைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டியில் வரவேற்பு இருக்கிறது என்றால் கவுண்டியிடமே போங்கள். தீயணைப்புத் துறை அதிகாரியும் சாலைப் பொறியாளரும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த முப்பது ஆண்டுகள் நீங்கள் முகம் பார்த்து வாழ வேண்டியது அவர்களோடுதான். உள்ளூர் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு மேலே போவதற்கான குறுக்கு வழியாக மட்டும் விருப்ப வழியைப் பயன்படுத்தினால், அந்தக் கசப்பும் கூடவே வரும். ஷாஸ்டா கவுண்டி 2021இல் மறுத்த ஃபவுன்டன் காற்றாலைத் திட்டம் பின்னர் இந்த வழியாக ஆணையத்திடம் வந்தபோது, கவுண்டியும் அப்பகுதியின் பழங்குடி மக்களும் அங்கேயும் வந்து கடுமையாக எதிர்த்தார்கள்.

ஐந்தாம் படி: கம்பியை மறக்காதீர்கள்

நிலையத்துக்கு அனுமதி வாங்கியவர்கள் கம்பியில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஆணையத்தின் சான்று, நிலையத்திலிருந்து ஏற்கெனவே இருக்கும் மின் வலைப்பின்னலைத் தொடும் இணைப்புப் புள்ளிவரை செல்லும் கம்பியை உள்ளடக்கும். அந்தப் புள்ளிக்கு அப்பால், பிஜி அண்ட் ஈ, சதர்ன் கலிஃபோர்னியா எடிசன், சான் டியேகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் போன்ற தனியார் மின் நிறுவனங்கள் போடும் கம்பிகளுக்கு அனுமதி தருவது முற்றிலும் வேறான மாநில அமைப்பு: பொதுப் பயன்பாட்டு ஆணையம். பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் புதியவர்கள் இந்த இரண்டு ஆணையங்களையும் குழப்பிக்கொள்வதுண்டு.

பொதுவாக 200 கிலோவோல்ட்டும் அதற்கு மேலுமுள்ள பெரிய புதிய கம்பித் தடத்துக்குத் தேவை என்பதையும் நிரூபித்துப் பெறும் சான்று வேண்டும். 50க்கும் 200க்கும் இடைப்பட்டவற்றுக்குக் கட்டுமான அனுமதி வேண்டும். அதற்குக் கீழே இந்த அனுமதிகள் தேவையில்லை. இவற்றை வகுக்கும் பொது ஆணை 131 என்ற விதி 2025 ஜனவரியில் திருத்தப்பட்டு ‘ஈ’ பதிப்பாக வெளிவந்திருக்கிறது. பழைய ‘டி’ பதிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். சான் டியேகோவுக்கு மின்சாரம் கொண்டுவரும் 500 கிலோவோல்ட் சன்ரைஸ் தடத்துக்கு 2008 டிசம்பரில் அனுமதி கிடைத்தும், அதில் மின்சாரம் பாய்ந்தது 2012இல்தான். லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமென்டோ போன்ற ஊர்களின் பொதுத்துறை மின் அமைப்புகள் தங்கள் கம்பிகளுக்கான சுற்றுச்சூழல் ஆய்வைத் தாங்களே முன்னின்று நடத்துகின்றன.

ஆறாம் படி: விசாரணைக்கு ஆயத்தமாகுங்கள்

வெப்ப நிலையத்துக்கான முழுச் சான்று நடைமுறை ஒரு நீதிமன்ற விசாரணையை ஒத்தது. ஆணையத்தில் ஐந்து உறுப்பினர்கள். அவர்களில் இருவர் கொண்ட குழு ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பேற்கும். விண்ணப்பம் போதுமான தகவல்களோடு இருக்கிறது என்று ஏற்றதிலிருந்து 12 மாதங்கள் என்பது சட்டம் வகுத்த காலம். ஆணையத்தின் ஊழியர்கள் முதலில் வரைவு மதிப்பீட்டையும் பிறகு இறுதி மதிப்பீட்டையும் வெளியிடுவார்கள். அதன்பின் சாட்சிகள் உறுதிமொழி எடுத்துச் சாட்சியம் சொல்வதும் குறுக்கு விசாரணையும் நடக்கும். உங்கள் உயிரியலாளர் ஒரு பருந்துக்கூட்டைப் பற்றி எழுதிய ஒற்றை வரிக்கு அவரே வந்து பதில் சொல்ல நேரும். எனவே தான் நேரில் பார்க்காததை யாரும் அறிக்கையில் எழுதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அருகில் வசிப்பவர்கள், தொழிற்சங்கங்கள், சூழல் அமைப்புகள் என யாரும் மனுச் செய்து விசாரணையில் ஒரு தரப்பாகச் சேரலாம். அப்படிச் சேர விரும்பும் பொதுமக்களுக்கு நடைமுறையைச் சொல்லித்தரவே ஆணையத்தில் பொது ஆலோசகர் அலுவலகம் என்று ஒன்று இயங்குகிறது. இதைப் படிப்பவர்களில் சிலர் திட்டத்தின் பக்கமாக அல்லாமல், வீட்டுக்கு அருகே வரப்போகும் நிலையத்தைப் பற்றிக் கவலையோடு தேடிவந்தவர்களாக இருக்கலாம். உங்களுக்கும் அந்த அலுவலகமே முதல் இடம். தரப்பாகச் சேராமல் பொதுக் கருத்தை மட்டும் சொல்வதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் சாட்சிகளைக் கேள்வி கேட்கும் உரிமை தரப்பினருக்கு மட்டுமே.

உள்ளூர் நில விதிக்கு முரணான திட்டத்தைப் பொதுவாக ஆணையம் ஏற்கக் கூடாது. ஆனால் பொது வசதிக்கும் தேவைக்கும் அது இன்றியமையாதது, அதைவிட விவேகமான, நடைமுறைக்கேற்ற வேறு வழியில்லை என்று காரணங்களோடு தீர்மானித்தால், அந்த முரண்பாட்டை மீறிச் சான்று தரலாம். சான் ஹோசே நகரமன்றம் 2000இல் எதிர்த்து வாக்களித்த மெட்கால்ஃப் எரிவாயு நிலையத்துக்கு, மின்தட்டுப்பாடு மாநிலத்தையே உலுக்கிய 2001இல், ஆணையம் இப்படித்தான் சான்று தந்தது. அதே அதிகாரத்தை வைத்துக்கொண்டு மறுப்பின் பக்கம் சாய்ந்ததும் உண்டு. ஆக்ஸ்நார்டு கடற்கரையில் திட்டமிட்ட புவென்டே எரிவாயு நிலையத்துக்கு எதிராகப் பரிந்துரைக்கப் போவதாகப் பொறுப்பேற்ற இரு உறுப்பினர்களும் 2017இல் முன்கூட்டியே அறிவித்தார்கள். நிறுவனம் விசாரணையை நிறுத்திவைக்கக் கோரி, பின்னர் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. ஆக்ஸ்நார்டின் கரையில் ஏற்கெனவே நிலையங்கள் நின்றன. இன்னொன்றையும் ஏன் இந்த ஏழை ஊரின் தலையில் கட்டுகிறீர்கள் என்று அவ்வூர் மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். இடத்தேர்வு என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதோடு முடிவதில்லை.

பேட்டரிக் கிடங்கு கட்டுவோர் கூடுதலாக ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். மான்டெரே கவுண்டியின் மாஸ் லேன்டிங்கில் 2025 ஜனவரி 16 அன்று 300 மெகாவாட் பேட்டரிக் கட்டடம் தீப்பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அங்கே பேட்டரிகள் ஒரு பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. இன்றைய திட்டங்கள் பெரும்பாலும் திறந்தவெளியில் இடைவெளிவிட்டு வைக்கும் தனித்தனிப் பெட்டிகள். அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டால் அச்சம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பெட்டிகளுக்கிடையே எத்தனை அடி, தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமாக வரும், புகை எழுந்தால் காற்று எந்த வீடுகளை நோக்கி வீசும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதிக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போங்கள்.

பிற மாநிலங்களுக்கு மாற்றலாகும்போது

இங்கே கற்ற எண்களை அங்கே எடுத்துச் செல்லாதீர்கள். ஓஹையோவில் மின் இடத்தேர்வு வாரியம் 50 மெகாவாட் நிலையங்களைப் பார்க்கிறது. காற்றாலையானால் 5 மெகாவாட்டிலேயே அதன் வரம்பு தொடங்கிவிடுகிறது. நியூயார்க்கில் 25 மெகாவாட்டும் அதற்கு மேலுமுள்ள புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் மாநில அலுவலகத்திடம் போக வேண்டும். டெக்சாஸில் மின் நிலையத்தின் இடத்துக்கு மாநில அனுமதி என்ற ஏற்பாடே இல்லை. காற்று, நீர் அனுமதிகள் தனியே உண்டு.

சான்று கையில் வந்த பிறகு

சான்றோடு ஒரு நிபந்தனைத் தொகுப்பும் வரும். உயிரினம், ஒலி, நீர், போக்குவரத்து, பழம்பொருள் எனத் துறைவாரியாக எண்ணிட்ட அந்த நிபந்தனைகள் கட்டுமானத்தோடு முடிவதில்லை. நிலையம் மூடப்படும் நாள்வரை ஆணையத்தின் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே நிறைவேற்ற வேண்டியவை எவை, தோண்டும்போது செய்ய வேண்டியவை எவை, இயங்கத் தொடங்கிய பின் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டியவை எவை என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பெயரையும் நாளையும் எழுதி, ஒப்பந்ததாரர் களத்தில் இறங்குவதற்கு முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.